மருந்திலும் ஒரு பங்கு

“ஏம்மா, மாத்திரைக்குக் கண்ணு இருக்கா?”

சுடலைச்செல்வி இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. காய்ச்சலில் உதடு வெடித்துப் போர்வைக்குள் கிடந்தாள். சிவப்பும் கறுப்புமாக இருந்த கேப்சூலை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே கேட்டாள்.

“உள்ள போனதும் இது கிருமி, இது செல்வின்னு அதுக்கு எப்படித் தெரியும்? ஆள் மாறி என்னையக் கொன்னுட்டுன்னா?”

அவள் அம்மா வெயிலம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சாமி பக்கத்துல நின்னு காட்டிக் குடுக்கும்ட்டி. பேசாம முழுங்கு.”

பிள்ளை விழுங்கினாள். இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியதும் வெயிலம்மாள் மாத்திரை கொடுப்பதை நிறுத்திக்கொண்டாள். மீதி இருந்ததை அவள் வீசிவிடவில்லை. வீசுகிற கை அல்ல அவளுடையது.

எட்டயபுரத்துக்குக் கிழக்கே, பஸ் வந்து திரும்பிப் போகும் கரிசல் கிராமம் அது. வானம் பார்த்த பூமி. உளுந்தோ பாசியோ, களத்தில் தூற்றிக் குவித்ததும் வீட்டுக்கு ஒரு மூட்டை போகும் முன்பே ஒரு கூறு தனியாக ஒதுங்கிவிடும். கோயிலுக்கு என்றும், கேட்டு வருகிறவர்களுக்கு என்றும். விளையாத வருசத்திலும் அந்தக் கூறை ஒதுக்காமல் வெயிலம்மாள் களத்தைவிட்டு இறங்கியதில்லை. அதில் வீட்டார் கை வைத்தால் அடுத்த வெள்ளாமை விளங்காது என்று அவள் உறுதியாக நம்பினாள். நல்ல நம்பிக்கைதான். அதனால் எத்தனையோ அடுப்புகள் எரிந்திருக்கின்றன.

அந்தப் பழக்கத்தை அவள் மாத்திரைக்கும் கொண்டுபோனாள். யாருக்கு டாக்டர் மருந்து எழுதினாலும் சரி, அட்டையைப் பிரித்து முதல் மாத்திரையை எடுக்கும் முன்பே கத்திரிக்கோலால் கடைசி வரிசையை வெட்டிவிடுவாள். அது பங்கு. ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, சாமி படத்துக்குக் கீழே வைத்து, வெள்ளிக்கிழமை தோறும் அதன் மூடியில் திருநீறு பூசுவாள். ஊரில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும், புண் பழுத்தாலும், சளி கட்டினாலும் அந்த டப்பா திறக்கும். ஒருவருக்கு இரண்டு, இன்னொருவருக்கு மூன்று. கேப்சூலைப் பிரித்துப் புண்ணில் தூவச் சொல்லியும் கொடுப்பாள்.

“மதினி, கடை தொறந்திருக்கா?” என்று கேட்டுக்கொண்டே வருவாள் பக்கத்து வீட்டுப் பெருமாயி.

“தொறந்துதான் இருக்கு. என்ன வேணும்?”

“என் மாமியாருக்கு வாய் ஓயாம பேசுத வியாதி. அதுக்கு ஏதும் வச்சிருக்கியளா?”

“அதுக்கு மருந்து வந்தா மொதல்ல ஒனக்குத்தான் போடணும்.”

சிரித்துக்கொண்டே வாங்கிப் போவாள். பெரும்பாலும் குணமாகிவிடும். தானாகவே குணமாகி இருக்கக்கூடிய காய்ச்சல்தான் அதில் பாதி. ஆனால் புண்ணியம் டப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

செல்வி வளர்ந்தாள். அந்தக் கேள்வியும் அவளோடு வளர்ந்தது. கோவில்பட்டியில் நுண்ணுயிரியல் படித்து, அங்கேயே ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் பரிசோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். லீவில் வரும்போதெல்லாம் டப்பாவைப் பார்த்து முகத்தைச் சுளிப்பாள்.

“யம்மா, இதைத் தூரப் போடு. பாதி மருந்து குடுக்கது மருந்தே குடுக்காததவிட மோசம்.”

“நீ படிச்ச பிள்ளை, சொல்லுவ. வாசல்ல வந்து நிக்கவியளை வெறுங்கையா அனுப்பச் சொல்லுதியா?”

இதற்குச் செல்வியிடம் பதில் இருந்தது. ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லும்படியான பதில் இல்லை. அதனால் அந்தப் பேச்சு ஒவ்வொரு முறையும் அங்கேயே நின்றது.

புரட்டாசியில், விதைப்புக்கு முன்னால் வரப்பைச் சுத்தம் செய்யப் போன நல்லக்கண்ணுவின் காலில் உடைமுள் ஏறியது. வெயிலம்மாளின் கணவர். பத்து வருசமாகச் சர்க்கரை வியாதிக்காரர். முள்ளைப் பிடுங்கினார். அதன் நுனி உள்ளேயே ஒடிந்து நின்றது அவருக்குத் தெரியாது. சர்க்கரைக் காலில் வலி சரியாகத் தெரியாது. கால் வீங்கியதும் டப்பாவிலிருந்து இரண்டு மாத்திரை. வீக்கம் கொஞ்சம் வடிந்தது. நிறுத்திவிட்டார். மறுபடி வீங்கியது. இப்போது வேறு நிறத்தில் மூன்று மாத்திரை, கூடவே புண்ணில் கேப்சூல் பொடி. நிலம் காத்திருந்தது. டிராக்டர்காரன் வருவதாகச் சொல்லியிருந்தான். இப்படியே நாள் போய், ஒரு நாள் குளிர் தூக்கிப்போட்டு, பாதம் கறுத்து, அவரைக் கோவில்பட்டிக்குக் கொண்டுவரும்போது செல்வி ஆஸ்பத்திரி வாசலிலேயே வாடையை உணர்ந்தாள். தினமும் சோதனைக் குப்பிகளைத் திறக்கும்போது அவள் முகர்ந்து பழகிய வாடை அது.

டாக்டர் மாயகிருஷ்ணன் பொறுமையான மனிதர். பாதத்தைக் கீறிச் சீழை எடுத்தார். அதில் கொஞ்சம் பரிசோதனைக்கூடத்துக்கு வந்தது. ரத்தமும் வந்தது. வேறொருவர் அந்த வேலையைச் செய்கிறேன் என்றார். செல்வி கொடுக்கவில்லை.

அவள் செய்யும் வேலை இதுதான். சீழிலிருந்து கிருமியை வளர்த்தெடுத்து, வெளிர் மஞ்சளாக உறைந்த கடல்பாசிக் கூழ் ஊற்றிய வட்டத் தட்டில் அதைப் பரப்புவாள். அதன் மேல் நெற்றிப் பொட்டு அளவில் காகித வில்லைகளை வைப்பாள். ஒவ்வொரு வில்லையிலும் ஒவ்வொரு மருந்து. மறுநாள் காலையில் தட்டு முழுக்கக் கிருமி பனி படிந்ததுபோல் வளர்ந்திருக்கும். எந்த மருந்து கொல்லுமோ அந்த வில்லையைச் சுற்றி மட்டும் கிருமி இல்லாத ஒரு வட்டம் தெளிந்து கிடக்கும். அந்த வட்டங்களைக் கண்டால் செல்விக்குக் கோலம் போட்ட வாசலைப் பார்த்ததுபோல் இருக்கும். யாரோ ஒருவர் பிழைக்கப் போகிறார் என்று அர்த்தம்.

அப்பாவின் தட்டை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். வட்டமே இல்லை. ஒவ்வொரு வில்லையின் விளிம்பு வரைக்கும் பனி ஏறியிருந்தது. ஒன்றே ஒன்றைச் சுற்றி மட்டும் நகக்கீறல் அகலத்துக்கு ஒரு தெளிவு. அது எதற்கும் போதாது. தட்டில் ஏதோ பிழை நடந்திருக்கும் என்று நினைத்துப் புதிதாக இன்னொன்று போட்டாள். அடுத்த நாள் அதுவும் அதையே சொன்னது. ரத்தத்திலும் அதே கிருமி வளர்ந்திருந்தது.

அதற்குள் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். காய்ச்சல் மட்டும் போகவில்லை.

நல்லக்கண்ணு மகளைக் கண்டதும் தலையணையில் கொஞ்சம் ஏறி உட்காரப் பார்த்தார்.

“என்னட்டி, ஒன் தட்டு என்ன சொல்லுது?”

செல்வி பக்கத்தில் நின்றாள். பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் சின்ன வயதிலிருந்தே எதைக் கேட்டாலும் நேராகப் பதில் சொன்ன அப்பா அவர்.

“ஒவ்வொரு மருந்தும் ஒவ்வொரு மாதிரி வேலை செய்யும்ப்பா. கிருமிக்கு வெளிய ஒரு சுவரு உண்டு. ஒரு மருந்து அந்தச் சுவரைக் கட்டவிடாது. சுவரு இல்லாம அது ஊதி வெடிச்சிரும். நம்ம உடம்புல அந்தச் சுவரே கிடையாது, அதனால நமக்கு ஒண்ணும் ஆகாது. இன்னொரு மருந்து அதுக்குள்ள சமையல் நடக்கவிடாது. இன்னொண்ணு, அது ரெண்டாப் பிரியுததுக்கு முன்னால தன்னை மாதிரியே ஒரு நகல் எடுக்கும்லா, அதுல கை வைக்கும்.”

“கெட்டிக்கார மருந்துதான். நம்ம ஆளுக்கிட்ட ஏன் அது பலிக்கல?”

“அது சுவரு மருந்தை வெட்டிப் போடுத கத்திரி வச்சிருக்கு. சமையக்கட்டுக்குப் பூட்டை மாத்திட்டு. உள்ள வந்த மருந்தை வெளிய இறைச்சுக் கொட்ட ஒரு பம்புசெட்டு வேற.”

நல்லக்கண்ணு சத்தமாகவே சிரித்தார். “நம்ம ஊருக் கெணத்துல தண்ணி இல்ல, அதுக்கு மட்டும் பம்புசெட்டாக்கும்.”

செல்வியும் சிரித்தாள். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் விட்டத்தைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார். “பருத்தி போட்ட காலத்துல இதைப் பாத்திருக்கேன். காய்ப்புழுவுக்கு மருந்தடிப்போம். மருந்து பத்தாதுன்னு தண்ணியக் கூட்டி ஊத்தி அடிப்போம். பாதிப் புழு சாகும். சாகாத பாதி இருக்கே, அதுக்குப் பொறந்ததெல்லாம் அடுத்த வருசம் அந்த மருந்துலயே குளிச்சிட்டு எந்திரிச்சுப் போகும். அப்புறம் நாங்க பருத்தியவே விட்டுட்டோம்.” நிறுத்தி மூச்சு வாங்கினார். “அதானே?”

“அதான்ப்பா.”

“சரி. பருத்திய விட்ட மாதிரி இதையும் விட முடியாதே.”

கட்டிலின் கால்மாட்டில் துண்டை மடித்துக்கொண்டிருந்த வெயிலம்மாளின் கை நின்றுபோனது. செல்வி வெளியே வந்ததும் பின்னாலேயே வந்தாள். தாழ்வாரத்தில் தண்ணீர்க் குழாய் அருகில் மகளின் கையைப் பிடித்தாள்.

“ஏட்டி. தண்ணியக் கூட்டி ஊத்தினதுன்னு அவிய சொன்னாவளே. நான் பங்கு எடுத்து வச்சது அதுதானா?”

“யம்மா, இப்ப என்னத்துக்கு அது?”

“சொல்லு.”

“ஒன் டப்பா மட்டும் இல்ல. கடையில கேட்டவுடனே எடுத்துக் குடுக்காவ. ஆட்டுக்கும் கோழிக்கும் ஊசி போடுதோம். ஆஸ்பத்திரியிலயும் இந்தக் கிருமி உண்டு. எங்கருந்து வந்துச்சுன்னு யாராலயும் கண்டுபிடிச்சுச் சொல்ல முடியாது.”

“அந்தக் கூட்டத்துல என் டப்பாவும் உண்டுல்லா?”

செல்வி குழாயைத் திறந்து கையைக் கழுவத் தொடங்கினாள். கழுவிக்கொண்டே இருந்தாள்.

வெயிலம்மாள் சுவரோரமாக உட்கார்ந்தாள். செண்பகவல்லியம்மன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கலாம். ஆனால் அவள் திருடவில்லை, ஏமாற்றவில்லை, யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. இரக்கத்தால் வந்த பிழைக்கு எந்தச் சாமியிடம் போய் நிற்பது? நல்ல மனசு போதும் என்றுதான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நல்ல மனசோடு, செய்வது இன்னதென்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் பணிவும் வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. மகள் சொல்லியிருந்தாள். மகள்தானே என்று இருந்துவிட்டாள்.

கடைசியாக ஒரு மருந்து இருந்தது. பழைய மருந்து. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று முன்பு ஒதுக்கி வைத்து, வேறு வழியில்லாததால் திரும்ப எடுத்தது. அதைத் தட்டில் வில்லை வைத்துப் பார்த்தால் சரியாகத் தெரியாது. சின்னச் சின்னக் குழிகளில் மருந்தைக் கரைத்துச் செல்வி பார்த்தாள். அதற்குக் கிருமி அடங்கியது. டாக்டரிடம் ஓடினாள்.

மாயகிருஷ்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “நேத்தே ஆரம்பிச்சிட்டேன்மா. இது கிருமியோட வெளித்தோலைக் கிழிக்கும். ஆனா இதுக்கு நம்ம சிறுநீரகமும் ஆகாது. அப்பாவுக்குச் சர்க்கரையில ஏற்கெனவே அது பாதிதான் வேலை செய்யுது. எது முந்துதுன்னு பாக்கணும்.”

நல்லக்கண்ணுவை மாடியில் தனி அறைக்கு மாற்றினார்கள். உள்ளே போகிறவர்கள் அங்கி போட்டு, கையுறை மாட்ட வேண்டும். வெளியே வந்து கை கழுவ வேண்டும். எந்த மருந்துக்கும் சாகாத கிருமி என்று சொந்தக்காரர்களுக்குத் தெரிந்ததும், அங்கி போடச் சொன்னதையே பலர் சாக்காக எடுத்துக்கொண்டார்கள். நல்லக்கண்ணுவின் தம்பி சோலைமுத்து வாசலோடு நின்று, “அண்ணே, இங்கன நிக்கேன்” என்று குரல் கொடுத்துவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல முடியாது. வீட்டில் கைக்குழந்தை இருந்தது.

உள்ளே தயங்காமல் வந்தவள் ராதாமணி. துப்புரவு வேலை செய்பவள். பச்சைப் புடவை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் நீல வாளி. முதல் நாளே வாசலில் நின்று, “அண்ணாச்சி, நான் வரலாமா? வேண்டாம்னாலும் வருவேன்” என்றாள்.

“வா தாயி. ஒருத்தராவது கேட்டுட்டு வாரியே.”

அவள் வாளித் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் கலந்து, கட்டில் கம்பி, மேசை, கதவுக் கைப்பிடி, குழாய்த் திருகு என்று கை படுகிற இடமெல்லாம் துடைப்பாள். துடைத்ததும் உடனே உலர்த்தமாட்டாள். ஈரமாகவே பத்து நிமிசம் விட்டு, பிறகுதான் நல்ல தண்ணீரில் துடைப்பாள். அந்த இடைவெளியில் நல்லக்கண்ணுவோடு பேச்சு; மகள் சொன்ன கத்திரி, பூட்டுக் கதையை எல்லாம் அவர் அவளுக்குச் சொல்லியிருந்தார். ஒரு நாள் அவர் வாந்தியெடுத்தபோது முகம் சுளிக்காமல் அள்ளித் துடைத்தாள். வெயிலம்மாள் பதறி, “நான் செய்யுதேன், விடு” என்றதற்கு, “நீங்க செஞ்சா எனக்கு எதுக்குச் சம்பளம்?” என்று சிரித்தாள்.

இன்னொரு நாள் அவர் படுத்தபடியே கழுத்தைத் திருப்பித் திருப்பி ஜன்னலைத் தேடுவதைப் பார்த்தாள். “என்ன அண்ணாச்சி, யாரைத் தேடுதிய?”

“மேகம் வருதான்னு பாக்கேன். ஐப்பசி பொறந்துட்டு.”

ராதாமணி சக்கரத்தின் பூட்டை விடுவித்து, நர்சிடம் ஒரு வார்த்தை கேட்டு, கட்டிலை ஜன்னலுக்கு நேராகத் திருப்பினாள். வெளியே வெள்ளை வெயில். மேகம் எதுவும் இல்லை. ஆனாலும் வானம் தெரிந்தது.

வெயிலம்மாள் அந்த வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏம்மா, இந்தத் தண்ணிக்கு அந்தக் கிருமி சாகுமா?”

“இதுக்குச் சாகாம? இது கத்திரியையும் பாக்காது, பூட்டையும் பாக்காது. கிருமியை எரிச்சுப் போட்டுரும்னு ட்ரெய்னிங்ல சொன்னாவ.”

“அப்ப இதை ஊசியில ஏத்தினா?”

“நல்லாக் கேட்டீய போங்க!” ராதாமணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “கிருமியும் போயிரும், அண்ணாச்சியும் போயிருவாவ. இந்தா பாருங்க.” ஈரம் பட்டுக் கிழிந்த கையுறையைக் கழற்றிக் காட்டினாள். விரல் இடுக்குகள் வெடித்துச் சிவந்திருந்தன. “இது ஆளு பாக்காது யக்கா. தோலையும் சேத்துத்தான் திங்கும்.”

கட்டிலில் இருந்து நல்லக்கண்ணு, “ஏத்திப் பாருங்களேன், எது முந்துதுன்னு” என்றார். மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த அறையில் கேட்ட கடைசிச் சிரிப்பு அது.

பிறகுதான் நர்ஸ் சொல்லி வெயிலம்மாளுக்குத் தெரிந்தது. இந்த அறை ராதாமணிக்கு ஒதுக்கிய இடமே இல்லை. இந்த மாடிக்கு உரியவள் பிரசவ விடுப்பில் போயிருந்தாள். கீழ்த் தளம் முழுவதையும் முடித்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் ராதாமணி மேலே ஏறி வருகிறாள். சாப்பாட்டைப் பல நாள் அப்படியே வீட்டுக்குத் திருப்பிக்கொண்டு போகிறாள்.

“இத்தனை நாளும் சொல்லலியேம்மா” என்றாள் வெயிலம்மாள். “இதை நான் எப்படித் தீப்பேன்?”

“தீக்கதுக்கு இதென்ன கைமாத்தா?” என்று சொல்லிவிட்டு ராதாமணி வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

புது மருந்தில் ஒரு நாள் காய்ச்சல் இறங்கியது. நல்லக்கண்ணு இரண்டு வாய் கஞ்சி குடித்தார். செல்வி பரிசோதனைக்கூடத்தில் எல்லாரிடமும் சொன்னாள். மறுநாள் கட்டிலில் தொங்கிய பையின் அடிமட்டத்தில் சிறுநீர் கொஞ்சமாய், காப்பி நிறத்தில் கிடந்தது. அதற்கு மறுநாள் அதுவும் இல்லை. மருந்தைக் குறைத்தால் கிருமி முந்தும், கூட்டினால் சிறுநீரகம் முந்தும். டயாலிசிஸ் செய்து பார்த்தார்கள். ரத்த அழுத்தம் தாங்கவில்லை. டாக்டர் தாயையும் மகளையும் உட்காரவைத்து, தன்னால் ஆனது இவ்வளவுதான் என்று சொன்னார். சொல்லும்போது மேசையைப் பார்க்காமல் அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அதுவும் ஒரு மரியாதைதான்.

அன்று பெருமாயி ஊரிலிருந்து பஸ் ஏறி வந்தாள். கடம்பூர்ப் போளி வாங்கி வந்திருந்தாள். கீழே மரத்தடியில் வெயிலம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

“மதினி, ஒண்ணு சொல்லணும். மருமவளுக்குத் தொண்டை கட்டிக் காய்ச்சல். வீட்டுச் சாவி என்கிட்டதான இருக்கு. ஒங்க டப்பாவுல மூணு எடுத்துக்கிட்டேன். ஒரே நாள்ல காய்ச்சல் விட்டுட்டு பாத்துக்கிடுங்க. மீதி ரெண்டை மேலத்தெரு சுடலைமணி வீட்டுக்குக் குடுத்துவிட்டேன். ஒங்க பேரைச் சொல்லி நல்லா வாழ்த்தினாவ.”

வெயிலம்மாள் அவளையே பார்த்தாள். எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? சுவர், கத்திரி, பம்புசெட்டு. “இனிமே அதுல எடுக்காத பெருமாயி” என்றாள். “அதுல ஒண்ணும் எடுக்காத. யாருக்கும் குடுக்காத. டாக்டர் எழுதினதை எழுதின மட்டும் தின்னச் சொல்லு.”

பெருமாயியின் முகம் வாடியது. “கேக்காம எடுத்துட்டேன்னு கோவமா மதினி?”

“கோவம் இல்ல.”

“இல்ல, கோவந்தான். நான் வேணும்னா வாங்கித் திரும்ப வச்சிருதேன்.”

இருபது வருசமாகக் கொடுத்துப் பழக்கியதை மரத்தடியில் நின்று ஒரு பேச்சில் திரும்ப வாங்கிவிட முடியாது என்று வெயிலம்மாளுக்குப் புரிந்தது. டப்பாவை எடுத்துக் குழியில் புதைக்கலாம். ஊரெல்லாம் சிறு சிறு டப்பாக்கள் முளைத்துவிட்டன. அவள் பெருமாயியின் கையைத் தடவிக் கொடுத்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அனுப்பிவைத்தாள். போளிப் பொட்டலம் பிரிக்கப்படாமலே மரத்தடித் திண்டில் கிடந்தது.

மறுநாள் மதியம் நல்லக்கண்ணு இறந்தார். கண் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தது. வெளியே மேகம் வந்து, நிற்காமல் மேற்கே போய்க்கொண்டிருந்தது. செல்வி கையுறையைக் கழற்றிவிட்டு அப்பாவின் நெற்றியில் வெறுங்கையை வைத்தாள். கூடாது என்று அவளுக்குத் தெரியும். யாரும் தடுக்கவில்லை. பிறகு அவளே போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தாள்.

உடலைத் துணியில் சுற்றிக் கீழே கொண்டுபோனார்கள். செல்வியும் சோலைமுத்துவும் ஆபீசில் நின்றார்கள். வண்டி எட்டயபுரத்திலிருந்து வர வேண்டும். அதுவரை வெயிலம்மாளைப் பெஞ்சில் உட்காரச் சொல்லியிருந்தார்கள். செம்பும் போர்வையும் மேலேயே இருந்தது நினைவுக்கு வந்து அவள் எழுந்து படியேறினாள்.

அறைக் கதவு திறந்து கிடந்தது. விரிப்பை உருவியிருந்தார்கள். கட்டில் வெறுமையாக இருந்தது. ராதாமணியின் நீல வாளி வாசலோரம் தண்ணீரோடு நின்றது. பவுடர் டப்பாவும், அளந்து போடும் கரண்டியும் பக்கத்தில் இருந்தன. கீழே பிரசவ வார்டிலிருந்து அவசரமாக அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். “அடுத்த ஆளு வெளிய வீல்சேர்ல காத்திருக்காவ, சீக்கிரம் முடிச்சிட்டு மேல வா” என்று நர்ஸ் ராதாமணியிடம் போனில் சொல்வது தாழ்வாரத்தின் அந்தக் கோடியிலிருந்து கேட்டது.

வெயிலம்மாள் செம்பையும் போர்வையையும் பையில் திணித்தாள். கதவு வரை வந்தாள். திரும்பிக் கட்டிலைப் பார்த்தாள். அவர் கை பிடித்திருந்த கம்பி. அவர் எச்சில் பட்ட மேசை விளிம்பு. அவரைக் கொன்றது இன்னும் இங்கேதான் இருக்கிறது. அடுத்தவர் வந்து கை வைக்கக் காத்திருக்கிறது. ராதாமணி மூச்சு வாங்க ஏறி வருவாள். சாப்பிட்டிருக்க மாட்டாள். வெடித்த விரலை அந்தத் தண்ணீரில் முக்குவாள்.

பையைத் தரையில் வைத்தாள். வாசலில் இருந்த பெட்டியிலிருந்து அங்கியையும் கையுறையையும் எடுத்து மாட்டிக்கொண்டாள். கரண்டியால் மட்டமாக அள்ளி வாளியில் போட்டுக் கலக்கினாள். நெடி கண்ணில் ஏறியது. துணியை நனைத்து, கட்டிலின் தலைமாட்டிலிருந்து தொடங்கினாள். கம்பி, கம்பிக்கு அடிப்புறம், சக்கரப் பூட்டு, மெத்தையின் ரெக்சின் உறை, அதன் தையல் மடிப்பு. மேசை. ஜன்னல் கொக்கி. கதவுக் கைப்பிடி. குழாய்த் திருகு. ஓர் இடத்தையும் விடவில்லை. பிறகு ஈரம் உலராமல் அப்படியே விட்டுச் சுவரோரம் நின்றாள். அந்த நேரத்தில் அவள் அழுதாள். வாயில் சேலைத் தலைப்பை வைக்க முடியாது, கை அழுக்கு. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

நேரம் ஆனதும் நல்ல தண்ணீர் பிடித்து எல்லாவற்றையும் மறுபடி துடைத்தாள். கட்டில் சக்கரங்களின் பூட்டை விடுவித்து, ஜன்னலுக்கு நேராக நின்றதைக் கொஞ்சம் இன்னும் நேராக்கி, பூட்டைப் போட்டாள். அங்கியையும் கையுறையையும் கழற்றிக் குப்பையில் போட்டு, மகள் கழுவியதுபோல் முழங்கை வரை கழுவினாள்.

படியில் ராதாமணியின் செருப்புச் சத்தம் கேட்டது. “வந்துட்டேன் சிஸ்டர், வந்துட்டேன், ஒரு நிமிசம்” என்று கீழ்ப்படியிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தாள்.

வெயிலம்மாள் வாளியை முன்பு நின்ற இடத்திலேயே வைத்தாள். துணியைப் பிழிந்து அதன் விளிம்பில் போட்டாள். பையை எடுத்துக்கொண்டு, தாழ்வாரத்தின் மறுபக்கத்துப் படிவழியாக இறங்கிப் போனாள்.